349 ரூபாய் விளையாட்டுப் பணப்பெட்டி: ஒரு ரூபாய்க் காசுதான் போதவில்லை

போன மாதம் கும்பகோணம் பெரிய தெரு பக்கம் ஒரு நோட்டுப் புத்தகக் கடையில் இந்தப் பெட்டியை வாங்கினேன். விலை 349. கல்லாப்பெட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் காகித ரூபாய் நோட்டு, பிளாஸ்டிக் காசு, விலை எழுதிய அட்டைகள். இதே பெட்டி நாலைந்து பெயர்களில் வருகிறது, உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் பெயரைப் பார்த்து அலைய வேண்டாம். ஒரு மாதம் தினமும் சாயங்காலம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வலங்கைமான் பக்கம் கிராமத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை ஒன்பது பிள்ளைகள், அதில் ஒன்று என் மகள், இரண்டாம் வகுப்பு. நோட்டில் 25ஐயும் 13ஐயும் மேலும் கீழுமாக எழுதிக் கொடுத்தால் மளமளவென்று கூட்டிவிடுகிற பிள்ளைகள், கையில் 25 ரூபாயைக் கொடுத்து "13 ரூபாய்க்குப் பேனா வாங்கினா மீதி எவ்வளவு?" என்று கேட்டால் அப்படியே முழிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் பணம் என்று ஒரு பாடமே இருக்கிறது. பாடத்தைப் படித்துவிட்டார்கள். ஆனால் காசைக் கையில் பிடித்துப் பழக்கம் இல்லை.

எப்படி இருக்கும்? நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவோடு டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் தோல் பையிலிருந்து சில்லறை எண்ணித் தருவதைப் பார்த்துக்கொண்டே வருவோம், சில சமயம் டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்வார், இறங்குவதற்குள் அந்த மூன்று ரூபாயை மறந்துவிடக்கூடாது என்று அம்மா நம்மிடம்தான் சொல்லி வைப்பார். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வயல் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும், நானும் அதில்தான் போகிறேன். ஆனால் அம்மா காசு கொடுத்து மீதி வாங்குவதைப் பிள்ளை பார்க்கிற இடம் ஒன்று குறைந்தது. கடைக்குப் போனாலும் அதே கதைதான். போனை எடுத்து அந்தக் கட்டம் போட்ட கியூஆர் அட்டைக்கு நேரே காட்டுகிறோம், கடையில் இருக்கும் சின்னப் பெட்டி இத்தனை ரூபாய் வந்தது என்று சத்தமாகச் சொல்கிறது, கிளம்பிவிடுகிறோம். மீதி என்று ஒன்று வருவதே இல்லை.

பெட்டி வாங்கிய முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். கடை விளையாட்டு என்றதும் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தான். கையில் நோட்டை வைத்துக்கொள்ளவில்லை. ஒரு காகிதத்தில் சின்னச் சின்னக் கட்டமாகக் கிறுக்கி எதிரே நிறுத்தினான். என் மகள் கையைப் போன் மாதிரி நீட்டினாள். அவன் வாயாலேயே "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்றான், வியாபாரம் முடிந்தது. அவ்வளவு நோட்டும் காசும் பக்கத்தில் சும்மா கிடந்தன. அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த 349 ரூபாய் வீண் செலவு இல்லை.

சரி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 10, 20, 50, 100, 200, 500 ரூபாய் நோட்டுகள் ஒவ்வொன்றிலும் பத்து. அதோடு 2000 ரூபாய் நோட்டும் பத்து! 2000 ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து எடுப்பதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது 2023 மே 19. இந்தப் பெட்டியில் தயாரிப்பு ஆண்டு 2024 என்று அச்சாகியிருக்கிறது. பழைய அச்சையே ஓட்டியிருக்கிறார்கள். அதை வெறும் பிழை என்று விட்டுவிட முடியவில்லை, ஏனென்றால் எல்லாப் பிள்ளைக்கும் அந்த நோட்டுதான் வேண்டும், அதை வைத்திருப்பவன்தான் பணக்காரன், மிட்டாய் வாங்கவும் 2000 ரூபாயை நீட்டுவான், மீதி கொடுக்கிறவனுக்கு அழுகை வரும். இரண்டாம் நாளே அந்தப் பத்து நோட்டையும் எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டேன். 500ஐயும் 200ஐயும் கூட முதல் இரண்டு வாரம் எடுத்து வைத்துவிடுவது நல்லது.

நோட்டுகளின் நிறம் சரியாக இருக்கிறது, அதைப் பாராட்ட வேண்டும். பத்து ரூபாய் சாக்லேட் பழுப்பு, ஐம்பது நீலம், நூறு ஊதா, இருநூறு மஞ்சள். பிள்ளைகள் முதலில் நிறத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் எல்லா நோட்டும் ஒரே நீளம். நிஜ நோட்டு அப்படி இல்லை. பத்து ரூபாய் 123 மி.மீ. நீளம், இருபது 129, ஐம்பது 135, நூறு 142, இருநூறு 146, ஐநூறு 150. மதிப்பு ஏற ஏற நீளமும் ஏறும், பார்வை இல்லாதவர்கள் கையால் தடவி அறிந்துகொள்ள அதுவும் ஒரு வழி. நிஜ நோட்டு ஒவ்வொன்றை எடுத்து ஓரம் சேர்த்து வரிசையாக அடுக்கினால் படிக்கட்டு மாதிரி வரும். இதைப் பிள்ளைகளிடம் ஒரு முறை காட்டிப் பாருங்கள், சிறியது எது பெரியது எது என்று வாயால் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

இந்த நோட்டுகள் ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெள்ளை. பின்பக்கத்தில்தானே விஷயமே இருக்கிறது. என் மணிபர்ஸிலிருந்து நிஜப் பத்து ரூபாயை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். அதில் கோனார்க் சூரியன் கோயிலின் சக்கரம். என் மகள் பார்த்ததும் "அம்மா, நம்ம தாராசுரம் சக்கரம்!" என்றாள். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் தேர் மாதிரியே கட்டிய மண்டபத்தில் கல் சக்கரம் இருக்கிறதல்லவா, போன பொங்கல் லீவில் அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்திருந்தோம். அது இது இல்லை, இது ஒடிசாவில் இருக்கிறது என்று சொன்னேன், ஆனால் அவள் அப்படிச் சேர்த்துப் பார்த்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 1954இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் நம் தஞ்சாவூர் பெரிய கோயில் படமே இருந்தது, அந்த நோட்டு 1978இல் செல்லாமல் போய்விட்டது என்றும் சொன்னேன். அப்புறம் அதே பின்பக்கத்தில் பதினைந்து மொழிகளில் "பத்து ரூபாய்" என்று எழுதியிருக்கும் கட்டம். தமிழ் எங்கே என்று தேடச் சொன்னால் ஒன்பது பேரும் தலையை முட்டிக்கொண்டு தேடினார்கள். கீழிருந்து மூன்றாவது வரி. விளையாட்டு நோட்டில் முன்பக்கம் ஆங்கிலத்தில் சில்ட்ரன் பேங்க் என்று போட்டிருக்கிறார்கள், நிஜ நோட்டோடு குழப்பம் வரக்கூடாது என்பதற்காக அது வேண்டியதுதான், ஆனால் "பத்து ரூபாய்" என்று தமிழில் ஒரு வரி போடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

காசு விஷயத்துக்கு வருகிறேன், எனக்குக் கோபமே இதில்தான். 1, 2, 5, 10 ரூபாய்க் காசு, ஒவ்வொன்றும் பத்து. (நான் வாங்கிய பெட்டியில் இரண்டு ரூபாய்க் காசு எட்டுதான் இருந்தது. கடையில் போய்ச் சொன்னேன், பிரித்த பெட்டியை மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். அதனால் வாங்கும்போது கடையிலேயே பிரித்து எண்ணிவிடுங்கள்.) இருபது ரூபாய்க் காசு இல்லவே இல்லை. எல்லாக் காசும் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம், மேலே எண் மட்டும் வேறு. நிஜக் காசு பிள்ளைகளைக் குழப்புவதே அதன் அளவால்தான். 2011 வரிசையில் வந்த காசுகளை எடுத்துப் பாருங்கள், இரண்டு ரூபாய் 25 மி.மீ. விட்டம், ஐந்து ரூபாய் 23 மி.மீ.தான். இரண்டு பெரியது, ஐந்து சிறியது! ஒன்றாம் வகுப்புப் பையனிடம் இரண்டையும் நீட்டி எது வேண்டும் என்று கேட்டேன், யோசிக்காமல் இரண்டு ரூபாயை எடுத்தான், "இதுதான் பெருசு" என்றான். அவன் சொன்னது தப்பே இல்லை, கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னான். காசில் அளவைப் பார்க்காதே, எண்ணைப் பார் என்பதை இந்த ஒரே அளவுப் பிளாஸ்டிக் காசை வைத்துச் சொல்லித்தரவே முடியாது.

இதே மாதிரி இன்னொன்று. ஒரு கையில் ஒரு பத்து ரூபாய் நோட்டு, இன்னொரு கையில் நாலு ஒரு ரூபாய்க் காசு வைத்து எது அதிகம் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் நாலு காசுப் பக்கம்தான் கை நீட்டுவார்கள். திட்டாதீர்கள். அவர்கள் எண்ணக் கற்றது பொருளை, ஒன்று, இரண்டு, மூன்று என்று. ஒரே ஒரு காகிதத்துக்குள் பத்து இருக்கிறது என்பது பெரிய விஷயம், அது மனதில் இறங்கச் சில நாள் ஆகும். அதனால் முதல் வாரம் முழுக்கக் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை, மாற்றுவது மட்டும்தான். பத்து ஒரு ரூபாயை எண்ணிக் கொடு, ஒரு பத்தை வாங்கிக்கொள். பத்துப் பத்தைக் கொடு, ஒரு நூறை வாங்கிக்கொள். திரும்பவும் உடை. இதற்கு 1, 10, 100 மூன்றும் போதும், இரண்டு, ஐந்து, இருபது, ஐம்பது எல்லாவற்றையும் ஒளித்து வைத்துவிடுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் குழம்பிப் போவார்கள். மாற்றும் விளையாட்டில் கை பழகிவிட்டால் கூட்டல் தானாக வந்துவிடுகிறது: 27 ரூபாயையும் 15 ரூபாயையும் ஒன்றாகக் கொட்டினால் மூன்று பத்தும் பன்னிரண்டு ஒன்றும், அந்தப் பன்னிரண்டில் பத்தை மாற்றினால் நாலு பத்தும் இரண்டு ஒன்றும். நாற்பத்திரண்டு.

இந்தப் பெட்டி எனக்குக் கொடுத்த பெரிய லாபம் கழித்தலில்தான். பாடப்புத்தகத்தில் இனமாற்றத்துடன் கழித்தல் என்று போட்டிருப்பார்கள், வீட்டில் நாமெல்லாம் கடன் வாங்கிக் கழித்தல் என்று சொல்லிக் கொடுப்போம். 43இல் 18 போக வேண்டும், மூன்றில் எட்டு போகாது, பக்கத்து வீட்டு நாலிடம் கடன் வாங்கு, நாலு மூன்றாகிவிடும், இது பதிமூன்றாகிவிடும். நானும் இப்படித்தான் படித்தேன், இப்படித்தான் பல வருஷம் சொல்லிக் கொடுத்தேன். போன வருஷம் ஒரு பெண் பிள்ளை கேட்டாள், "மிஸ், ஒண்ணுதானே கடன் வாங்குனோம், எப்படிப் பத்தாச்சு? அதை எப்பத் திருப்பிக் கொடுப்போம்?" என்று. கேள்வி எவ்வளவு நியாயம் பாருங்கள். கடன் என்ற சொல்லே அங்கே தப்பு. யாரிடமும் கடன் வாங்கவில்லை, நம் காசைத்தான் சில்லறை மாற்றுகிறோம்.

பெட்டி வந்த பிறகு அதே பிள்ளையை உட்கார வைத்தேன். அவள் கையில் நாலு பத்து ரூபாய் நோட்டு, மூன்று ஒரு ரூபாய்க் காசு. 18 ரூபாய் எனக்குக் கொடு என்றேன். ஒரு பத்தை எடுத்து வைத்தாள். அடுத்து எட்டு வேண்டும். கையில் இருந்த மூன்று காசையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இன்னொரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து இரண்டு விரலால் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். அப்புறம் கல்லாவில் இருந்த பையனிடம் நீட்டி "இதுக்குச் சில்லறை கொடுறா" என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்துக் காசு வந்ததும் மூன்றோடு சேர்த்துப் பதிமூன்று, எட்டை எண்ணி என்னிடம் தள்ளினாள், ஐந்து நின்றது, நோட்டு இரண்டு நின்றது. "இருபத்தஞ்சு." சிலேட்டை எடுத்து அதே கணக்கைப் போட்டுக் காட்டினேன், நாலை அடித்து மூன்று, மூன்றை அடித்து பதிமூன்று. "ஓ, இதுதானா அது" என்றாள். ஒரு வருஷமாக என்னால் விளங்க வைக்க முடியாததை அந்தப் பழுப்புக் காகிதம் விளங்க வைத்துவிட்டது.

ஆனால் கவனித்தீர்களா, அந்தக் கணக்குக்குப் பதிமூன்று ஒரு ரூபாய்க் காசு வேண்டும். பெட்டியில் இருப்பது பத்து! கையில் மூன்று கொடுத்தாயிற்று என்றால் கல்லாவில் ஏழுதான், பத்துக்குச் சில்லறை எப்படிக் கொடுப்பது? அன்றைக்கு நான் முன்னாடியே நிஜக் காசு பத்துப் போட்டு வைத்திருந்ததால் தப்பித்தது. 100இல் 37 போக எவ்வளவு என்றால் இந்தப் பெட்டி தாங்கும், பத்து ரூபாய் நோட்டு பத்தும் ஒரு ரூபாய்க் காசு பத்தும் மட்டும்தான் வேண்டும். 43இல் 18 தாங்காது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் எதுவுமே தாங்காது. ஐநூறு ரூபாய் நோட்டு பத்து அச்சடித்தவர்கள், ஐயாயிரம் ரூபாயை வைத்து ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும் என்று யோசித்திருந்தால் அந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு முப்பது போட்டிருப்பார்கள். பெட்டி செய்தவர்கள் ஒரு நாள்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடிப் பார்க்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது.

அதனால் நான் செய்தது, நிஜக் காசு. எங்கள் தெரு மளிகைக் கடையில் நூறு ரூபாய் கொடுத்து ஒரு ரூபாயும் இரண்டும் ஐந்துமாகச் சில்லறை வாங்கி வந்தேன். புளித் தண்ணீரில் ஊற வைத்து, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேய்த்துக் கழுவித் துணியில் காய வைத்தோம், பிள்ளைகளே செய்தார்கள், மஞ்சள் நிற ஐந்து ரூபாய் அப்படிப் பளபளத்தது. நிஜக் காசின் கனமும் சத்தமும் பிளாஸ்டிக்கில் வராது. நிஜக் காசு என்றால் பிள்ளைகள் தொலைக்கவும் மாட்டார்கள், ஒரு மாதத்தில் ஒரு காசுகூடக் குறையவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் நிஜக் காசும் வேண்டாம், இந்தப் பிளாஸ்டிக் காசும் வேண்டாம். டியூஷனுக்கு வரும் ஒரு பெண்ணின் தம்பி வந்த வேகத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான், நல்லவேளை பார்த்துவிட்டேன். இப்போது முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மூடி அலமாரி மேல் வைத்த பிறகுதான் பிள்ளைகள் எழுந்திருக்க வேண்டும். எண்ணுவதும் ஒரு கணக்குதானே.

விலை அட்டைகளைப் பற்றி ஒரு வரி போதும். எல்லாம் ஆங்கிலம், பர்கர், பீட்சா, டோனட். தூக்கிப் போட்டுவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி நாங்களே எழுதினோம். தேங்காய் 25, வெள்ளரிப்பிஞ்சு 10, முழம் பூ 30, கீரைக்கட்டு 15, ஒரு கிலோ வெங்காயம் 40. தாராசுரம் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போகும் ஒரு பையனின் அப்பா விலையெல்லாம் சரிபார்த்துத் திருத்திக் கொடுத்தார். வெங்காயம் வந்ததும் கால் கிலோ, அரைக் கிலோ வந்துவிட்டது. நாற்பதில் கால் எவ்வளவு? நாலு பத்து ரூபாய் நோட்டை நாலு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு ஒன்று, அதுதான் கால். முக்கால் என்றால் மூன்று பேருடையது. என் மாமியார் திண்ணைக் கோடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார், அவர் பங்குக்கு நாலணா, எட்டணா என்று ஆரம்பித்தார். என் மகள் "அப்பாயி, எட்டணான்னா எட்டு ரூபாயா?" என்றாள். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, 1957இல்தான் நூறு பைசா கணக்கு வந்தது, அதனால் பாதி ரூபாய்க்கு எட்டணா, கால் ரூபாய்க்கு நாலணா, அந்த நாலணாக் காசு 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போனது என்று அப்பாயிக்கும் சேர்த்து நான் சொன்னேன். நிலத்துக்கு வேலி, மா என்று பேசுகிற ஊர் எங்களுடையது, ஒரு வேலிக்கு இருபது மா, அதையும் அப்பாயி விடவில்லை, இருபது ரூபாய் நோட்டு ஒரு வேலி, ஒரு ரூபாய்க் காசு ஒரு மா என்று பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்.

எண்களின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு, ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகளுக்கு இது ரொம்ப. நைன்டி என்று சொல்லத் தெரியும், கடையில் "தொண்ணூறு ரூபாய்" என்றால் தொள்ளாயிரமா, நூறா என்று திகைப்பார்கள். தொண்ணூறில் "நூறு" என்று காதில் விழுகிறது, தொள்ளாயிரத்தில் "ஆயிரம்" என்று விழுகிறது, பிள்ளை என்ன செய்யும்? கடை விளையாட்டில் விலையைத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி போட்டேன். பத்து ரூபாய் நோட்டை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு. நோட்டு கண்ணுக்கு முன்னால் இருப்பதால் இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது.

மீதி கொடுப்பது எப்படி என்பதை மட்டும் இந்தப் பெட்டியிலிருந்து கற்றுக்கொடுக்க முடியவில்லை. அதைக் கற்றுக் கொடுத்தது எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைப் பெரியம்மா. பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகப் போனில்லாமல் ரொக்கத்தோடு அனுப்பினேன். 32 ரூபாய்க்குச் சாமான், 50 ரூபாய் நோட்டு. பெரியம்மா கழிக்கவே இல்லை. பிள்ளையின் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் வைத்து "முப்பத்தஞ்சு", ஐந்து ரூபாயை வைத்து "நாப்பது", பத்து ரூபாயை வைத்து "அம்பது. சரியா? கையை மூடு" என்றாராம். கூட்டிக்கொண்டே போய் ஐம்பதில் நின்றால் கையில் இருப்பதுதான் மீதி. பதினெட்டு. கழித்தலைக் கூட்டலாலேயே முடித்துவிடுகிற இந்த முறையைக் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் நாம்தான் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. இப்போது எங்கள் திண்ணைக் கடையில் கல்லாவில் உட்காருபவர் இப்படித்தான் மீதி கொடுக்க வேண்டும், உள்ளங்கையில் வைத்து, வாய்விட்டுச் சொல்லி.

அதே பெரியம்மா இன்னொரு நாள் என் மகளிடம் "ரெண்டு ரூபா சில்லறை இருக்கா பாப்பா?" என்று கேட்டிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கச் சொன்னாள், "அம்பது ரூபா கொடுத்துட்டேன்மா, அதுவே அதிகம், இன்னும் ரெண்டு கேக்குறாங்க!" என்று. உட்கார்ந்து செய்து பார்த்தோம். 52 கொடுத்தால் 32 போக இருபது, ஒரே நோட்டு. சில்லறையே தேவை இல்லை. அவள் முகத்தில் வந்த சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. மறுநாள் யாரும் கேட்காமலேயே திண்ணைக் கடையில் "இந்தாங்க, ரெண்டு ரூபா சில்லறை" என்று நீட்டிக்கொண்டிருந்தாள். பத்து ரூபாய்க் காசை ஒரு கடையில் வாங்க மாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதும் நடந்தது. அது செல்லும் காசுதான், அதுவரை வந்திருந்த பதினான்கு வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லிவிட்டது. பிள்ளைக்கு அதைச் சொல்லி, நானே கூடப் போய்க் கொடுத்து வாங்கிவந்தேன். பிள்ளை கொண்டுவந்த காசு என்பதால் தள்ளிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பெட்டியின் உறுதி சுமார். அழுத்தினால் கல்லா திறக்கிற அந்தக் கொக்கி பத்தாம் நாள் உடைந்தது, இப்போது ரப்பர் பேண்டு. நோட்டுக் காகிதம் மெல்லிசு, பத்து ரூபாய் நோட்டுகள் மட்டும் மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டன, அதிகம் கை மாறுவது அதுதான். செல்லோ டேப் ஒட்டி ஓட்டுகிறேன். உள்ளே தனித்தனி அறை இருப்பது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, ஒன்று ஒரு பக்கம், பத்து ஒரு பக்கம், நூறு ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பதே ஒன்றின் இடம், பத்தின் இடம் என்ற பாடத்துக்குப் பாதி வேலை செய்துவிடுகிறது.

வாங்கலாமா என்றால், பெட்டி இல்லாமல் நோட்டு மட்டும் பாக்கெட்டாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் திருவிழாக் கடைகளில் 40, 50 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த நோட்டும், நூறு ரூபாய்க்கு நிஜச் சில்லறையும், அடுப்படியில் சும்மா கிடக்கும் அஞ்சறைப் பெட்டி ஒன்றும் இருந்தால் இதே வேலை நடக்கும், அஞ்சறைப் பெட்டியின் கிண்ணங்கள் காசு பிரிக்க இதைவிட வசதி. அது கிடைக்காவிட்டால் இந்தப் பெட்டியை வாங்குங்கள், ஆனால் 349க்கு மேல் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக்கு முன்னால் வேண்டாம், இருபது வரை தடுமாறாமல் எண்ணத் தெரிந்த பிறகு கொடுங்கள். வாங்கின அன்றைக்கே பெரிய நோட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, முப்பது ஒரு ரூபாய்க் காசுக்கு முதலில் ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் மளிகைக் கடையில் மறுபடி கேட்டேன், சனிக்கிழமை வா, உண்டியல் சில்லறை கொஞ்சம் வரும், எடுத்து வைக்கிறேன் என்றிருக்கிறார்.